இன்னாத்துக்கு ஒதுங்கணும்?

எதிரே வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று எல்லார் வீட்டிலும் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். அந்த அம்மாளுக்கும் சொல்லியிருப்பார்கள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பாள். பூந்தமல்லி ரோட்டில் அவள் கார் ஒதுங்கி நான் பார்த்ததில்லை. ஜட்கா வரட்டும், பட்டாளத்து லாரி வரட்டும், சர்க்கஸ் கம்பெனி யானையே வரட்டும், நட்ட நடு ரோட்டில் அவள் பாட்டுக்கு வருவாள். "கொஞ்சம் ஒதுங்கினா இன்னாம்மா?" என்று கேட்டால் பதில் ஒரே வார்த்தைதான்.

"இன்னாத்துக்கு?"

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் அதையே கேட்பாள். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம், சண்டை வேறு நடந்துகொண்டிருந்தது. பூந்தமல்லிக் கடைத்தெரு முனையில் நான் பட்டறை வைத்திருந்தேன். வருகிறதெல்லாம் லாரி, பஸ், எப்போதாவது பாதிரியாரின் மோட்டார் சைக்கிள். அவளுடைய காரைப் போல ஒன்று அதற்கு முன்னும் என் பட்டறைக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இரண்டே பேர் உட்காரும் கார். தலைக்கு மேல் கூரை கிடையாது. சக்கரத்துக்குச் சைக்கிள் மாதிரி கம்பிகள். தரையோடு தரையாகப் பதுங்கி, நீண்ட மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். பச்சை நிறம் என்பதால் ஊர்ப் பிள்ளைகள் தவளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பந்தயம் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. அதில் அவள் மல்லிகைப்பூ ஏற்றினாள்.

அதை வாங்கின கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். கண்டோன்மெண்டிலிருந்து ஒரு துரை சண்டைக்குப் புறப்பட்டபோது அவன் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். கட்டில், பீரோ, பீங்கான் தட்டு என்று ஊரே அடித்துக்கொண்டது. இவள் போனது துரை குளிக்கிற பெரிய தொட்டியை எடுக்க. பறித்த பூவைத் தண்ணீர் தெளித்துப் போட்டுவைக்க அது தோதாக இருக்கும் என்று நினைத்தாளாம். தொட்டியை வேறொருத்தர் தட்டிக்கொண்டு போனார். வேறு யாருமில்லை, அவள் புருஷனின் அண்ணன்தான். அவருக்குத் தொட்டியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. இவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். இவள் அங்கேயே நின்று, கேட்க ஆளில்லாமல் மரத்தடியில் கிடந்த காரைக் கேட்டு எடுத்துவிட்டாள். கழுத்தில் கிடந்ததெல்லாம் அன்றைக்கே போயிற்று. தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். வற்றிப்போன ஏரியில் ஓட்டப் பழகினாள். ஏரி ஓரத்து வேலமரங்கள் சிலவற்றில் ரொம்ப நாள் வரைக்கும் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியவர் என்றே எல்லாரும் சொல்வோம். லாரி வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்துத் தோட்டத்துப் பூவெல்லாம் அந்த லாரியில்தான் பட்டணத்துப் பூக்கடைக்குப் போக வேண்டும். மல்லி காத்திருக்கிற சரக்கா? விடியும்போது பறித்து, வெயில் ஏறுவதற்குள் கடையில் இறக்கியாக வேண்டும். மொக்கு வாய் திறந்துவிட்டால் எவனும் சீந்த மாட்டான். ஆகையால் லாரி யாரிடமோ தோட்டமும் அவரிடம்தான் என்று மெல்ல மெல்ல ஆகிக்கொண்டு வந்தது. தம்பியின் தோட்டமும் அதிலிருந்த வற்றாத கிணறும் மட்டும் பாக்கி. அதை அவர் விழுங்காமல் இருந்தது இந்தத் தவளையால்தான்.

தம்பி பரம சாது. ஏற்றம் மிதிக்கும்போது விழுந்து ஒரு கால் ஒடிந்து, கட்டுப் போட்டும் குட்டையாகக் கூடிவிட்டது. அந்தக் காலுக்கு மட்டும் தடித்த செருப்பு ஒன்று தானே தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அரிசி மில்லில் ஓடித் தேய்ந்து கழித்துப்போட்ட பெல்ட்டை வெட்டி அடுக்கடுக்காக வைத்துத் தைத்தது. காரில் அவள் ஓட்ட, பக்கத்தில் மடியில் ஒரு கூடையை அணைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டி ஓட்டப் புருஷன் உட்கார்ந்து போகிறானே என்று ஊர் வாயில் போட்டு மென்றது. அவர் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிக் கும்பிடு போட்டுக்கொண்டு போவார். கும்பிடு அவருடையது, நடு ரோடு அவளுடையது.

ஒருநாள் என் பட்டறைக்கு எதிரிலேயே போலீஸ்காரன் அவள் காரை மறித்தான். பெரிய துரை ஒருத்தன் கார் வருகிறதாம். ரோட்டை விட்டு இறங்கி நில் என்றான். பஸ்ஸெல்லாம் ஏற்கெனவே புளியமரத்தடியில் இறங்கி நின்றாயிற்று.

"இன்னாத்துக்கு?"

"தொரை வர்றாரும்மா."

"தொரை வாடிப் பூடுவாரா? எம் பூ வாடிப் பூடும்."

போலீஸ்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது அவன் வேலைக்கு ஆகாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த இடைவெளியில் அவள் போய்விட்டாள். துரையின் கார் அவள் பின்னால்தான் கொஞ்ச தூரம் ஊர்ந்து போயிற்று என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு பூக்காரிக்குப் பின்னால் துரை. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

திமிர் பிடித்தவள் என்று ஊரில் சொன்னார்கள். சொன்னவன் எல்லாம் அவரவர் பூவைப் பெரியவர் லாரியில் ஏற்றிவிட்டு, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தலையைச் சொறிந்தவன்தான். அவர்களுக்கு அவள் மேல் கோபம் வராமல் வேறு யார் மேல் வரும்?

அவள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பிடிவாதத்தில் கெட்டதும் உண்டு. அந்த புஷ் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

புஷ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரின் பாரம் ஸ்பிரிங் பட்டை மேல் உட்கார்ந்திருக்கும். பட்டையின் முனை வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையத்துக்குள் ஒரு போல்ட்டு ஓடும். போல்ட்டும் இரும்பு, வளையமும் இரும்பு. இரண்டும் நேருக்கு நேர் உரசினால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் நடுவில் குழாய் மாதிரி ஒன்றைச் செருகுவோம். அதுதான் புஷ். அந்தக் காருக்கு ரப்பர் புஷ். பின்பக்கத்து புஷ்கள் தேய்ந்து போனபோது மவுண்ட் ரோடு கடைக்கு நானே போய் வாங்கி வந்து மாட்டினேன். கடைக்காரன், இதுதான் கடைசி, சண்டை முடிகிறவரைக்கும் சீமையிலிருந்து இனி வராது என்று சொல்லித்தான் கொடுத்தான்.

புது ரப்பர் கொஞ்ச நாள் கிறீச் கிறீச்சென்று கத்தும். விட்டுவிட வேண்டும். இவள் மாட்டு வண்டிக்காரன் வீட்டில் பிறந்தவள். வண்டி கத்தினால் மை போட வேண்டும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. வைக்கோல் கரியையும் லாரியில் வடித்த கழிவு எண்ணெயையும் குழைத்து வைத்திருக்கும் வண்டி மையை எடுத்து, தினமும் காலையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அந்த ரப்பருக்குத் தேய்த்திருக்கிறாள். ரப்பருக்கு அந்த எண்ணெய் விஷம். எண்ணெய் போடாதே என்று நான் சொல்லவே இல்லை என்றாள். சொன்னேன் என்றேன். இன்றைக்கும் சொன்னேன் என்றுதான் சொல்வேன்.

புஷ்ஷைக் கழற்றினபோது தண்ணீரில் போட்ட உளுந்து வடை மாதிரி ஊறிப் பிதுங்கிக் கையோடு வந்தது. அதற்குள் வண்டி நாலு நாளாக வாலை ஆட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஏரிக்கரைத் திருப்பத்தில் பின்பக்கம் அப்படியே நகர்ந்து, ஒரு கூடை மல்லி ஏரிக்குள் போய் விழுந்திருக்கிறது.

"வேற போடு மேஸ்திரி" என்றாள்.

"வேற ஏதும்மா? கப்பல்ல வரணும்."

கையில் அந்தப் பிதுங்கினதை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இன்னாத்துக்கு நடுவுல? ரெண்டு இரும்புக்கும் ஊடால மாட்டிக்கினு நசுங்கறதுக்குன்னே ஒண்ணா?"

"அதான் அதோட வேலை."

"எங்கூட்டுக்காரரு மாதிரி சொல்லு" என்றாள். பட்டறை வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த அவர் காதிலும் அது விழுந்தது. தலையாட்டிச் சிரித்தார்.

கார் படுத்த செய்தி பெரியவருக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்குச் சாயங்காலமே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாராம். ஆற அமர உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாராம். "வண்டி பூட்ச்சா? வுடு. உங்க பூவையும் நம்ம லாரியிலயே ஏத்திக்கறேன். ஆனா தோட்டத்தையும் கெணத்தையும் இனிமே நான் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பூவ பறிச்சுக்கினு சௌக்கியமா இருங்க. வெள்ளிக்கிழமை காலைல லாரி வரும். அன்னைக்குப் பதில் சொல்லு." பஸ்காரனிடம் முன்னாடியே சொல்லிவைத்துவிட்டார், இவர்கள் கூடையைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று. தன் தோட்டத்தில் தானே கூலிக்குப் பூப் பறிக்க வேண்டும். தம்பி வழக்கம்போலத் தலையாட்டியிருக்கிறார்.

மறுநாள் அவள் பட்டறைக்கு வந்தபோது அவள் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பறித்தாலும் அனுப்ப வழியில்லாமல் பூ செடியிலேயே வெளுத்துக்கொண்டிருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும்" என்றாள்.

வெண்கலத்தில் கடைசல் பிடித்துப் போடுவோம் என்றேன். லாரிக்கெல்லாம் அதுதான் போடுகிறோம், ஆயுசுக்கும் உழைக்கும். போட்டேன். ஓட்டிப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "இது வண்டி. சொன்ன பேச்சு கேக்குது" என்றாள். வண்டி தரையைக் கவ்விக்கொண்டு ஓடியதென்னவோ நிஜம். ஏற்கெனவே அது விறைப்பான ஸ்பிரிங், அதற்குள் வெண்கலமும் சேர்ந்தபோது ரோட்டிலிருக்கிற ஒவ்வொரு கல்லும் நேரே மேலே ஏறி வந்தது. பட்டணம் போய்த் திரும்பி வந்தார்கள். அடியில் இருந்த பூவெல்லாம் காம்பு கழன்று கன்றிப்போயிருந்ததாம், கடைக்காரன் பாதியைத் தள்ளிவிட்டான். அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. புருஷன் காரிலிருந்து இறங்கப் போய், அந்தக் காலை ஊன்ற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போதும் எல்லாரையும் நேராகப் பார்க்கிறவள், அப்போது அவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தாள்.

"கழட்டிடு மேஸ்திரி" என்றாள்.

"ஒன்னு ரெண்டு வாரத்துல பழகிடும்மா."

"இன்னாத்துக்கு பழகணும்? கழட்டு."

ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டுகிற ஒருத்தன் எனக்குப் பழக்கம். டிப்போவிலிருந்து ரப்பர் புஷ் கிளப்பித் தருகிறேன் என்றான். காட்டினான். லாரிக்கு உள்ளது, அறுத்துச் சின்னதாக்கினால் போதும். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இத்த மாட்டிக்கினு போலீஸ் கையில ஆப்ட்டா எங்க மச்சாண்டாருக்கு வேலை மிச்சம்" என்றாள். வந்தவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

வியாழக்கிழமை மத்தியானம். ரப்பர் குழைகிறது, வெண்கலம் குத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். நான் யோசித்து யோசித்து, தேக்குக் கட்டையில் கடைந்தால் என்ன என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் எரிச்சல்தான். இந்த அம்மாளுக்கு மெத்தையும் ஆகாது, கல்லும் ஆகாது என்றால் நான் எங்கே போவேன்?

அப்போதுதான் பெஞ்சியிலிருந்த மனுஷன் எழுந்தார். குனிந்து, தடித்த செருப்பைக் காலிலிருந்து கழற்றி, வேட்டியில் துடைத்து, என் வேலைப் பலகை மேல் வைத்தார்.

"இத்த பாரு மேஸ்திரி. கல்லு மிதிச்சா கல்லுன்னு தெரியும். ஆனா குத்தாது."

எடுத்துப் பார்த்தேன். மில் பெல்ட்டு. உள்ளே துணி, துணிக்கு இரு பக்கமும் ரப்பர், அப்படி அடுக்கடுக்காக. மில்லில் பல வருஷம் இழுபட்டு இறுகிப்போன சரக்கு. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுத்தது, உடனே திரும்ப எழுந்தது. வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வளையத்துக்குள் இறுக்கினால் போதும். புதுசாக வாங்கலாம் என்றால் சண்டைக் காலத்தில் மில்காரன் ஒரு சாண் பெல்ட்டைக் கண்ணில் காட்ட மாட்டான். இருப்பது இந்த ஒரு செருப்புதான். பின்பக்கத்துக்கு மட்டும் போதும் போலிருந்தது.

அவள் செருப்பைப் பிடுங்கி அவரிடமே நீட்டினாள். "இன்னாத்துக்கு? நீ எத்த போட்டுக்கினு நடப்பே?"

"நான் எங்கமே நடக்கறேன்? நீதான் ஓட்டுறியே."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் செருப்பை என் கையில் கொடுத்தாள். "ஒழுங்கா வெட்டு. வீணாக்கினா கைய ஒடிச்சுருவேன்" என்றாள். இருட்டுவதற்குள் வெட்டி அடுக்கி இறுக்கி முடித்தேன். எண்ணெயைக் கண்ணால்கூடக் காட்டாதே என்று இந்தத் தடவை என் பெண்டாட்டியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவர்கள் தோட்டத்தில் இருந்தேன். புஷ் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், அதற்குப் பின்னாலிருந்து காது கொடுத்தால்தான் தெரியும். கூடைகளோடு கூடையாகப் பின்பக்கச் சட்டத்தில் தொற்றிக்கொண்டேன். புருஷன் மடியில் கூடை, கீழே வெறுங்கால். கிளம்பினோம்.

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக ஏரிக்கரைதான் வழி. ஒரு வண்டி போகிற அகலம். நடுவில் மதகுக்குப் பக்கத்தில் எதிரே லாரி வந்து நின்றது. பதில் கேட்கப் பெரியவரே வந்திருந்தார், டிரைவருக்குப் பக்கத்தில். லாரியில் இன்னும் ஒரு கூடையும் ஏறவில்லை. எங்கள் காரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இறங்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"டேய் தம்பி. பெரியவன் வர்றேன். பின்னால எடுக்கச் சொல்லு உன் பொண்டாட்டிய."

இவள் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க என் காது துடித்தது. அவள் சொல்லவில்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். துரைக்கு ஒதுங்காதவள், யானைக்கு ஒதுங்காதவள். ஆனால் கூடப் பிறந்தவன் முகத்துக்கு நேரே அந்த மனுஷனைத் தலைகுனிய வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கை மெல்ல கியர்க் கம்பிக்குப் போயிற்று. பின்னால் எடுத்தால் தோட்டம்வரைக்கும் பின்னாலேயேதான் போக வேண்டும். லாரி நேரே உள்ளே வரும், கூடைகள் அதில் ஏறும், அதோடு எல்லாம் முடிந்துபோகும்.

அவர் அவள் கை மேல் தன் கையை வைத்தார்.

"இன்னாத்துக்கு?" என்றார்.

குரல் உயரவில்லை. தண்ணீர் கொடு என்று கேட்கிற மாதிரி கேட்டார். அப்புறம் லாரியைப் பார்த்துச் சொன்னார். "பாரவண்டி வந்தா வெத்து வண்டிதான ண்ணா ஒதுங்கணும்? நான் மாடு ஓட்டப் பழகசொல்லோ நீதான சொல்லிக் குடுத்தே. நாங்க பாரம் ஏத்திக்கினு வர்றோம். உன்னுது வெத்து."

மாட்டு வண்டி உலகத்தில் அதற்கு மேல் சட்டம் கிடையாது. ராஜாவின் வெறும் வண்டியானாலும் நெல் ஏற்றின வண்டிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். பெரியவர் உத்தரவுக்கு டிரைவர் காத்திருக்கவில்லை. அவனும் வண்டிக்காரன் பிள்ளைதான். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, லாரியை எடுத்தான். ஏரிக்கரை முழுக்க அந்த லாரி பின்னாலேயே போயிற்று, நாங்கள் முன்னால் போனோம். பெரிய ரோட்டு முனையில் அது புளியமரத்தடியில் இறங்கி நின்றது. அதைத் தாண்டும்போது அவர் பழக்க தோஷத்தில் அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கார் பட்டணத்து ரோட்டில் ஏறி வேகம் பிடித்தது. குழியில் இறங்கி ஏறியபோதும் பின்பக்கம் ஆடவில்லை, கத்தவில்லை, கூடையில் மேலிருந்த பூ மேலேயே இருந்தது. அவள் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, கேட்டுக்கினியா? எங்கூட்டுக்காரரு என் வார்த்தைய தூக்கிக்கினு பூட்டாரு." காற்றில் கத்தினாள். அவர் பக்கம் திரும்பினாள். "யோவ், அத்த திருப்பிக் குடுத்துடு."

அவர் கூடையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டு, வெறுங்காலை நீட்டி வசதியாகச் சாய்ந்தார்.

"இன்னாத்துக்கு?" என்றார்.